எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றுகிறவர்

முதலாளி பந்தயத்தை விட்டுவிட்டதாகச் சொன்ன அன்று அவருடைய கால்சட்டையின் பின்பையில் கையுறைகள் இருந்தன. கார் ஓட்டும்போது மாட்டுகிற தோல் கையுறைகள். இரண்டு விரல்கள் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பட்டறையில் எல்லாரும் கைதட்டினார்கள். நான் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே நான் ஓட்டப் போறதில்ல. ஓட்ட வைக்கப் போறேன். டீம் ஓனர்!" என்றார். அந்தக் கடைசி இரண்டு சொற்களைப் பரோட்டாவைப் பிய்ப்பதுபோல் நிதானமாகப் பிரித்துச் சொன்னார்.

பட்டறையில் அப்போது இரண்டு பந்தயக் கார்கள். பச்சைக் காரை ஒரு சீனத் தவுக்கேயின், அதாவது பணக்கார வியாபாரியின், மகன் ஓட்டிவந்தான். சிவப்புக் கார் புதிதாக வந்தது. ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கியது. "செவப்ப இவன் ஓட்டுவான்," என்று முதலாளி என் அண்ணன் தோளில் தட்டினார். தட்டுவதற்குக் கையை நன்றாக உயர்த்த வேண்டியிருந்தது. முதலாளி குள்ளம். அண்ணன் எங்கள் பஃபலோ ரோடு மாடி அறைக்குள் குனிந்துதான் நுழைவான்.

அண்ணன் அங்கே மெக்கானிக். பழுது பார்த்த வண்டியை வெளியே எடுத்துப் போய் ஓட்டிப் பார்ப்பதும் அவன்தான். அவன் வளைவில் திருப்புவதைப் பார்த்தவர்கள், "இவன் ஏண்டா இன்னும் ஸ்பேனர் பிடிச்சிக்கிட்டு இருக்கான்?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தச் சமயத்தில்தான் துறைமுகத்தில் அவனை லாரி ஓட்டக் கூப்பிட்டிருந்தார்கள். நிரந்தர வேலை, குடியிருக்க வீடும் உண்டு. முதலாளியின் வாக்கை நம்பி அதை வேண்டாமென்று சொல்லிவிட்டான்.

"லாரிய வயசான பிறகும் ஓட்டிக்கலாம்மா," என்றான்.

"உங்க முதலாளி வாய்க்கு பிரேக்கு கெடையாது, பாத்துக்கடா," என்றார் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பி, "படிச்ச புள்ள, நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதனால் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்குவது வரைக்கும் என்னிடம் கருத்துக் கேட்பார்கள். நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். சனிக்கிழமைகளில் பட்டறைக்குப் போய், உதிரிபாகம் கேட்டு இங்கிலாந்துக்கு ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பேன். பார்த்து யோசிக்க எனக்கு நேரம் இருந்தது.

நான் யோசித்தது முதலாளி வந்த வழியைப் பற்றி. ரப்பர் கம்பெனி மேனேஜர் ஒருவரின் காரைக் கழுவுகிறவராகத்தான் அவர் தொடங்கினார். டிரைவருக்குக் காய்ச்சல் வந்தது, டிரைவர் ஆனார். மேனேஜருக்கு வேகப் பைத்தியம். பாசிர் பாஞ்சாங் பக்கம் மலைப்பாதையில் நடந்த பந்தயத்துக்கு முன் கையை முறித்துக்கொண்டார். அவருக்குப் பதிலாக இவர் ஏறினார், ஜெயித்தார். பிறகு ஒரு கூட்டாளியோடு ரேஸ் கோர்ஸ் ரோட்டுக்குப் பின்சந்தில் பட்டறை. கூட்டாளிதான் அப்போது பந்தயத்தில் ஓட்டினார். ஒரு நாள் அவர் பாலம் தாண்டி ஜொகூருக்குப் போனார், திரும்பவில்லை. ஏன் என்று பட்டறையில் யாரைக் கேட்டாலும் டயரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கூட்டாளியின் இருக்கையிலும் முதலாளி ஏறினார்.

எல்லா இடத்திலும் வேறு யாரோ இறங்கியிருக்கிறார்கள், இவர் ஏறியிருக்கிறார். தானாக இறங்கியதாக ஒரு கதைகூட இல்லை.

சிவப்புக் காரை ஒரு சனிக்கிழமை கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். இருக்கையைப் பிடித்திருந்த போல்ட்டுகள் முன்பக்கத் துளைகளில் இருந்தன. அண்ணன் உட்கார்ந்தால் முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது. கிளட்ச், பிரேக் மிதிகளின் மேல், கால் எட்டுவதற்காக மரக்கட்டைகள் வைத்துக் கட்டியிருந்தார்கள்.

"சீட்ட ஏன் பின்னால தள்ளல?"

"அப்புறம் பாத்துக்கலாம்னாரு."

"இந்தக் கட்டை?"

"முன்னாடி வச்சிருந்த வெள்ளைக்காரன் போட்டதாம்."

"அந்த வெள்ளைக்காரன நான் பாத்திருக்கேன். உன்னவிட ஒசரம். அவனுக்கு எதுக்குக் கட்டை?"

அண்ணன் எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்தான். "நீ வாத்தியாரா போ. போலீசுக்குப் போயிடாத," என்றான்.

அந்த வாரம் சந்து முனைத் தேத்தண்ணிக் கடைக்காரரும் ஒன்று கேட்டார். "உங்க முதலாளி சீனி வேணாங்கிறாரு, சோறு வேணாங்கிறாரு, வயிறு பாதியா எறங்கிடுச்சு. என்ன, இந்த வயசுல மறுபடியும் மாப்பிள்ளையா?" கடையில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கல்லாவில் உட்காரப் போகிறவர் எதற்கு எடை குறைக்க வேண்டும்?

முதலாளியிடமே நேராகக் கேட்டேன். "சிவப்புக் காரை அண்ணன்தானே ஓட்டுது, முதலாளி?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, படிச்சவனுக்கு எதப் பாத்தாலும் கேள்வித்தாளாத்தான் தெரியும். ஓட்டுவான் லா. வேற யாரு ஓட்டுவா?" பதிலாக வந்ததும் ஒரு கேள்விதான். அதையும் அண்ணனிடம் சொன்னேன். அவன் காது கொடுத்ததாகவே தெரியவில்லை. ஆனால் அன்று அம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் சாப்பிட எழுந்திருக்கவில்லை.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. பந்தயத்துக்கு முதல் நாள் கார்களைச் சிராங்கூன் ரோட்டுக் கோயில் முன்னால் நிறுத்திப் பூசை போடுவார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். அதன் மேல் யார் காரை ஏற்றுகிறாரோ அவர்தான் மறுநாள் ஓட்டுவார். ஒருவர் நசுக்கி இன்னொருவர் ஓட்டினால் கார் வீடு திரும்பாது என்று மெக்கானிக்குகள் நம்பினார்கள். சீனப் பையனே நம்பினான். பந்தயப் பதிவுத் தாளில் யார் பெயர் எழுதியிருந்தாலும் எங்களுக்கு எலுமிச்சம்பழம்தான் கணக்கு.

அந்த வருடப் பூசையன்று நல்ல கூட்டம். சந்தனம், குங்குமம், மாலை. சீனப் பையன் பச்சைக் காரை ஏற்றி, "பழம் செத்துப் போச்சு!" என்று தமிழில் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்தது சிவப்பு. ஐயர் கற்பூரம் காட்டி முடித்தார். அண்ணன் ஓர் அடி எடுத்து வைத்தான்.

முதலாளி அதற்குள் கதவைத் திறந்திருந்தார்.

அவர் உள்ளே உட்கார்ந்தார். பின்பையிலிருந்து கையுறைகளை எடுத்து மாட்டினார், ஒவ்வொரு விரலாக. நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் பழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலாளி கிளட்ச்சை மிதிக்கக் காலை நீட்டினார். கால் எட்டவில்லை. இன்னும் நீட்டினார். உடம்பு சரிந்து சரிந்து கீழே போனது. கடைசியில் ஸ்டீயரிங்குக்கு மேலே எண்ணெய் தடவிய தலைமுடி மட்டும்தான் தெரிந்தது. இருக்கை கடைசித் துளைக்குப் போயிருந்தது. மரக்கட்டைகளும் இல்லை.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. "சீக்கிரம் எடுங்கோ, நல்ல நேரம் போயிண்டிருக்கு," என்றார் ஐயர்.

ஒரு தலையணை கேட்டிருந்தால் கொண்டு வந்து கொடுத்திருப்பார்கள். ஆனால் சிராங்கூன் ரோட்டில், இத்தனை பேர் முன்னால், எத்தனையோ கோப்பை வாங்கிய மனிதர் தலையணை கேட்பாரா? அவர் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். கையுறைகளைக் கழற்றினார். இறங்கினார்.

"சீட்டு உனக்குத் தோதா இருக்கான்னு பாத்தேன்," என்றார் அண்ணனிடம், எல்லாருக்கும் கேட்கும்படி. "சரியாத்தான் இருக்கு. ஏறு."

அண்ணன் ஏறினான். கால் முழுதாக நீண்டது. பழங்கள் நசுங்கின.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவனிடம் கேட்டேன். "நீதானே தள்ளி வச்ச?"

"எனக்குக் கால் நீளம். நான் என்ன பண்றது?"

"அவரு ஏறுவாருன்னு தெரியுமா?"

"நீதான் மூணு வாரமா ஓதுறியே," என்றான். கொஞ்ச தூரம் போனதும் தொடர்ந்தான். "உண்மையிலேயே சீட்டுதான் பாத்தாரோ என்னமோ."

எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. ஆனால் நிரூபிக்க ஒன்றும் கிடையாது. சீட்டைப் பார்க்க எதற்குக் கையுறை என்பது ஒன்றுதான் என் கையில் இருக்கிறது.

மறுநாள் மேல் தாம்சன் சாலையில் பந்தயம். அண்ணன் ஜெயிக்கவில்லை, நடுவில் வந்தான், முழுசாக வந்தான். நான் அவனைப் பார்த்ததைவிட முதலாளியைத்தான் அதிகம் பார்த்தேன். கயிற்றை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். சிவப்புக் கார் வளைவுக்குள் வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் மண்ணை அழுத்தியது. அந்த இடத்தில் புல் மடிந்து குழியே விழுந்துவிட்டது. முடிந்ததும் அண்ணனிடம் போய், "கடைசி வளைவுல பயந்துட்ட," என்றார். வேறு பாராட்டு எதுவும் இல்லை. "அடுத்த வருசமும் நீதான்," என்றார்.

அவர் திரும்பி நடந்தபோது பின்பையிலிருந்து இரண்டு விரல்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

அண்ணன் இன்னும் சிவப்புக் காரைத்தான் ஓட்டுகிறான். முதலாளியை இப்போது ஊரே டீம் ஓனர் என்கிறது. ஒவ்வொரு பூசைக்கு முன்பும் நாங்கள் இரண்டு பேரும் பட்டறைக்குப் போகிறோம். நான் டார்ச்சைப் பிடிக்கிறேன். அவன் குனிந்து, போல்ட்டுகள் கடைசித் துளையில் இருக்கின்றனவா என்று பார்த்து இறுக்கிவிட்டு வருகிறான்.