நோகாத கறுப்புப் புண்

கத்தி என் கையில் இருந்தது. அந்தக் கத்தியால் ஒரு மனுஷனை நான் கொன்றிருப்பேன். கொல்லப் போகிறேன் என்றே எனக்குத் தெரியாது. கர்த்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார், சபையாரே. அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

1931-ஆம் வருஷம். எனக்கு ஊர் யாழ்ப்பாணம், படிப்பு கொழும்பில். வைத்தியப் படிப்பில் மூன்றாம் வருஷம் முடிந்த விடுமுறையில், ஊழியம் செய்ய வேண்டும் என்று கப்பலேறி, ரயில் மாறி மாறி ஆம்பூரில் வந்து இறங்கினேன். ஊழியம் என்று வீட்டில் சொன்னேன். உள்ளுக்குள் வேறு ஆசை. புத்தகத்தில் படித்த வியாதிகளைக் கண்ணால் பார்க்க வேண்டும், கத்தி பிடிக்க வேண்டும். எதைப் பார்த்தாலும் நோண்டிப் பார்க்கிற குணம் எனக்குப் பிறவியிலேயே உண்டு.

ஆம்பூரிலிருந்து நாலு மைல் தள்ளி எங்கள் மிஷன் ஆஸ்பத்திரி, அதற்கு ஒரே ஒரு டாக்டர். ஆஸ்பத்திரி என்ன, இரண்டு அறையும் ஒரு கூரைத் தாழ்வாரமும்தான். சுற்றிலும் தோல் பதனிடும் ஷாப்புகள். வந்த முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தேன். அடுத்த வாரம் ஷாப்புக்குள்ளேயே போய், சுண்ணாம்புக் குழியில் ஏன் ஊறப்போடுகிறீர்கள், ஆவாரம்பட்டை எதற்கு என்று கேட்டு எல்லாரையும் பேஜார் பண்ணிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு வழக்கம் கண்டேன். காலில் கையில் எந்தக் காயம் பட்டாலும் ஆவாரம்பட்டையை இரும்புச் சட்டியில் காய்ச்சித் தடவிவிடுவார்கள். அது காய்ந்து கன்னங்கரேல் என்று ஒட்டிக்கொள்ளும்.

ஈஸ்டர் முடிந்து மூன்றாம் செவ்வாய்க்கிழமை காலை. டாக்டர் வேலூருக்குப் போயிருந்தார். நானும் கம்பவுண்டர் தேவசகாயமும்தான். ஷாப்பில் பதனிடாத பச்சைத் தோல் சுமக்கிற முனுசாமியை அவர் மனைவி கன்னியம்மா கைத்தாங்கலாகக் கூட்டி வந்தாள். கழுத்தின் பக்கவாட்டில் ஒரு புண். நடுவில் கறுப்பு. சுற்றிலும் தாடை வரைக்கும் வீக்கம். நல்ல காய்ச்சல்.

"பட்டைச் சாறு தடவினீர்களோ?" என்று கேட்டேன். "தடவினோம் டாக்டரய்யா, நாலு நாளா தடவுறோம்" என்றாள் கன்னியம்மா. அப்படியானால் அந்தக் கறுப்பு, பட்டைச் சாற்றின் கறைதான். கீழே இருப்பது சீழ்க்கட்டி. கீறிவிட்டால் தீர்ந்தது. எனக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஜெபிக்காமல் கத்தி வைப்பதில்லை. தேவசகாயம் ஜெபிக்கத் தொடங்கினார். நல்ல மனுஷர், ஆனால் ஜெபம் நீளம். மழைக்காக, ராஜாக்களுக்காக, ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை பார்க்கும் மச்சானுக்காக எல்லாம் ஜெபித்தார். நானும் மனதுக்குள், "ஆண்டவரே, நான் பார்க்க வேண்டியதைக் காட்டும், கை நடுங்காமல் செய்யப் பண்ணும்" என்று ஒப்புக்கு ஒரு வரி சொல்லிவிட்டு, பொறுமையில்லாமல் கண்ணைத் திறந்தேன்.

முனுசாமியும் கண்ணை மூடவில்லை. அவர் நம் சபை ஆள் இல்லையே. கூரையைப் பார்த்துக்கொண்டு விரலால் அந்தப் புண்ணை அழுத்தி அழுத்திச் சொறிந்துகொண்டிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அவ்வளவு பெரிய கட்டியைத் தொட்டால் ஆள் துள்ள வேண்டாமா? ஜெபத்தின் நடுவிலேயே, "நோகவில்லையோ?" என்று கேட்டுவிட்டேன். தேவசகாயம் திடுக்கிட்டுப் போனார்.

"இல்லீங்க. மொதல்லருந்தே வலி இல்ல. அரிப்புதான். கழுத்துதான் கல்லு மாதிரி கனமா இருக்குது."

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் துடைத்தேன். மேலே கொஞ்சம் பழுப்பு வந்தது. கறுப்பு போகவில்லை. தசையே கறுத்துப் போயிருந்தது. சுற்றிலும் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். "போன வாரம் என்ன தோல் சுமந்தீர்கள்?" என்றேன். "தானா செத்த மாட்டுத் தோலு ஒரு பாரம் வந்துச்சு. இந்தத் தோள்லதான் தூக்கினேன்."

அடைப்பான். மாட்டைக் கொல்லும் ஆந்த்ராக்ஸ் நோய், தோல் வழியாக மனுஷனுக்கும் ஒட்டும். இந்தப் புண்ணைக் கீறக் கூடாது, கீறினால் விஷம் ரத்தத்தில் பரவும் என்று வகுப்பில் படித்திருக்கிறேன். கத்தியைக் கீழே போட்டேன்.

தேவசகாயம் சைக்கிளில் ஆம்பூருக்குப் பறந்தார், வேலூரிலிருந்த டாக்டருக்குத் தந்தி கொடுக்க. நான் தனியாக நின்றேன். வீக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. முனுசாமி மூச்சை இழுத்து இழுத்து விட்டார்.

"இன்னா டாக்டரய்யா, பொழைச்சுக்குவாரா?" என்றாள் கன்னியம்மா.

"தெரியாதம்மா" என்றேன். என் வாழ்க்கையில் அந்த வார்த்தையை அதற்கு முன் ஒருவரிடமும் சொன்னதில்லை. பிறகு அந்த மண் தரையில் முழங்காலில் விழுந்தேன். அழுதேன். "ஆண்டவரே, வேடிக்கை பார்க்க வந்தேன். என்னை மன்னியும். இவர் உயிரைத் தாரும்." வேறு ஒன்றும் சொல்ல வரவில்லை. கன்னியம்மாவும் என் பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள். நான் தடுக்கவில்லை.

பகல் ஒரு மணிக்குப் பதில் தந்தி வந்தது. கீறாதே, அலமாரியில் உள்ள ஆர்சனிக் மருந்து ஊசியை ரத்தக்குழாயில் போடு, மாலை வண்டியில் வருகிறேன். நான் ரத்தக்குழாயில் ஊசி போட்டதே இல்லை. முதல் தடவை தவறியது. இரண்டாம் தடவை ரத்தம் ஊசிக்குள் ஏறி வந்தது, குழாய் அகப்பட்டுவிட்டது. அந்தச் சிவப்பைப் பார்த்து, "ஸ்தோத்திரம்" என்று கத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் முனுசாமி கஞ்சி கேட்டார். மூன்று வாரத்தில் அந்தக் கறுப்பு தானாகக் கழன்று விழுந்தது.

விடுமுறை முடிந்து நான் புறப்பட்ட நாள். ஆம்பூர் ஸ்டேஷனில் பெட்டியை ஏற்றி உட்கார்ந்துவிட்டேன். பிளாட்பாரத்தில் முனுசாமி ஓடி வருகிறார், இன்னொரு சுமை ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. வழியனுப்ப வருகிறார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

ஜன்னலில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "டாக்டரய்யா, இவன் கழுத்தப் பாருங்க. சின்ன பருதான். ஆனா வலிக்கலையாம்!"

ரயில் கார்டு விசில் ஊதினார். நான் பெட்டியை இறக்கினேன்.

அந்த வருஷம் கப்பலைத் தவறவிட்டேன், பரீட்சையும் ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. அந்த ஆளும் பிழைத்தார். படிப்பை முடித்துவிட்டு இந்த ஊருக்கே திரும்பி வந்தேன். இன்றைக்கு உங்கள் நடுவில் நிற்கிறேன். கர்த்தருக்கு நன்றி. உங்களில் யாராவது வழி தெரியாமல் நின்றுகொண்டிருந்தால், பெரிய ஜெபம் ஒன்றும் வேண்டாம். தெரியவில்லை, காட்டும் என்று கேளுங்கள். அவர் காட்டுவார். காட்டின பிறகு, எந்த வண்டியில் உட்கார்ந்திருந்தாலும் இறங்கிவிடுங்கள்.