முளைகட்டிய துணிக்குள் என் கையெழுத்து

அன்று அந்த ஈரத் துணியிலிருந்து ஒரு கைப்பிடி முளைவிதையை எடுத்து மண்ணில் தூவ எனக்கு ஏன் தோன்றவில்லை? இரண்டு வருடமாக இதையேதான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஓசூரில் குடியிருக்கிறோம். கணவருக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் கேழ்வரகில் மழைக்குச் சாயாத புது ரகம் உருவாக்கும் ஆராய்ச்சியில் இருக்கிறேன். நாட்டு விதை தேடிப் போனபோது உத்தனப்பள்ளி பக்கம் ஓர் அக்காவின் வயலைப் பார்த்தேன். அறுப்புக்கு முந்தைய மழையில் சுற்றியிருந்த வயல்களெல்லாம் படுத்துக் கிடக்க, அவருடையது மட்டும் நின்றிருந்தது. கதிர்கள் மூடிய கை மாதிரி இறுகி, மணிகள் செங்கல் நிறத்தில் இருந்தன. மாமியார் காலத்திலிருந்து தங்கள் வீட்டில் மட்டும் இருக்கிற விதை என்றார்.

அடுத்த பருவம் அவர் விதைக்கவில்லை. கம்பெனியில் பேக்கிங் வேலை கிடைத்திருந்தது. விதை பழசானால் முளைப்பு குறையும், நான் விளைவித்துப் புது விதையாகத் தருகிறேன் என்று கேட்டு, இருந்ததை முழுக்க வாங்கி வந்தது நான்தான்.

“பத்திரம் மேடம். எங்கூட்ல வேற இல்ல. நீங்க படிச்சவங்க, தொலைக்க மாட்டீங்க.”

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அத்தனையையும் விதைத்தேன். எங்கள் ரகத்தோடு ஒட்டுச் சேர்த்தேன். அக்காவுக்கான புது விதையைத் துணிப்பையில் கட்டி, வழக்கம்போல வெளியே ஓர் அட்டை, உள்ளே ஓர் அட்டை போட்டேன். நனைந்தாலும் அழியாதபடி பென்சிலில்தான் எழுதுவோம். அப்போது எனக்கு எட்டாம் மாதம். மறுநாள் கொடுத்துவிடலாம் என்று பையை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அந்த மறுநாள் ரத்த அழுத்தம் ஏறி என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் குறைமாதத்தில் பிறந்தாள். பை சமையலறை மேல்தட்டுக்குப் போனது.

ஏழு மாதமாகியும் மகளுக்கு எடை ஏறவில்லை. எது கொடுத்தாலும் துப்பினாள். முளைகட்டிய ராகிக் கஞ்சி கொடுத்துப் பார்க்கச் சொன்னார் நர்ஸ். கணவரிடம் ஊறப் போடச் சொன்னேன். இரண்டாம் நாள் துணியைப் பிரித்தேன். வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. நடுவே ஓர் ஈர அட்டை. என் கையெழுத்து. அழியவேயில்லை. அக்காவுக்கான பையை முழுக்கக் கொட்டி ஊறப் போட்டிருக்கிறார் கணவர்.

“கேப்பைன்னுதானே சொன்ன? பை மேல ஒண்ணும் எழுதலியே” என்றார் அவர். தெற்கத்திக்காரர், ராகியைக் கேப்பை என்றுதான் சொல்வார். வெளி அட்டை எப்போதோ கழன்றிருந்தது.

எனக்குப் பெரிதாகப் பதறவில்லை. நிலையத்தில் இதே விதையில் ஒரு பொட்டலம் எடுத்து வைத்திருக்கிறோமே என்று நினைத்தேன். மறுபடி ஊற வைத்தால் இன்னும் இரண்டு நாள் ஆகும் என்றும் நினைத்தேன். வெயிலில் காயவைத்து, வறுத்து, அரைத்தேன். மகள் அன்றுதான் முதன்முறையாக ஒரு கிண்ணத்தை முழுதாகக் குடித்தாள். நான் சந்தோஷப்பட்டேன், அதையும் மறைக்கக் கூடாது.

விடுப்பு முடிந்து போய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே இருந்தது ஒட்டில் பிறந்த விதை மட்டும். அக்காவின் தாய் விதையைத் தனியே எடுத்து வைக்க மறந்து, மொத்தத்தையும் பையில் போட்டிருக்கிறேன். தளி, மத்தூர் என்று அக்காவின் உறவினர்கள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் போய்க் கேட்டேன். யாரிடமும் இல்லை.

அக்காவிடம் சொல்ல மூன்று மாதம் தைரியம் வரவில்லை. போன அன்று அவர் வயலில் இருந்தார். கம்பெனி வேலை நின்றுபோய், கடை விதை வாங்கி விதைத்திருந்தார். அது மழையில் படுத்துவிட்டது. சேற்றிலிருந்து கதிரைத் தூக்கித் தூக்கி அறுத்துக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன்.

“கொழந்த குடிச்சுதா?”

“குடிச்சா அக்கா.”

“அப்ப சரி. எம் பசங்களும் அதக் குடிச்சுத்தான் நடக்கப் பழகுனானுங்க.”

மறுபடி குனிந்து அறுக்கத் தொடங்கினார். நான் கிளம்பித் திரும்பியபோது, நிமிராமலே சொன்னார்:

“மொள வந்துச்சுன்னீங்களே, ஒரு கை எடுத்து மண்ணுல தூவி உட்டிருந்தா வந்திருக்குமே.”

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தோன்றியதைச் சொன்னார், அவ்வளவுதான். அதுவரை நான் பொட்டலத்தை நினைத்துத்தான் அழுதிருந்தேன். முளைத்த கேழ்வரகு நாற்றங்காலுக்குத் தயாரான பயிர் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது, பால்கனியில் மண்ணோடு ஒரு ரோஜாத் தொட்டி காலியாகத்தான் இருந்தது. அன்று என் கண்ணுக்கு அது முளை விட்ட விதையாகத் தெரியவில்லை, மகளுக்கான மாவாகத்தான் தெரிந்தது.

அந்த ஒட்டு விதை இப்போது நாலாம் தலைமுறை. ஒரே ஒரு வரிசை போன மழையில் சாயாமல் நின்றது. ஆனால் கதிர் கொஞ்சம் விரிந்திருக்கிறது, நிறமும் வெளிறல். அனுமதி வாங்கி அதில் கொஞ்சம் அக்காவுக்குக் கொடுக்கலாம். கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார், அதுதான் எனக்குப் பயம். ‘உங்கள் விதை’ என்று சொன்னால் பொய். வேறு விதை என்று சொன்னாலும் முழு உண்மை இல்லை.

மகளுக்கு இப்போது மூன்று வயது ஆகப்போகிறது. தினமும் காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு அவள் என் முன்னால் உட்காரும்போது அந்த வயல்தான் நினைவுக்கு வருகிறது. வாசகர்களே, அந்த விதையை நான் கொண்டுபோய்க் கொடுக்கலாமா? கொடுத்தால் என்ன சொல்லிக் கொடுப்பது? அந்த அக்காவின் இடத்தில் இருந்து யோசித்து எழுதுங்கள், என் இடத்தில் இருந்து யோசித்து யோசித்து நான் அலுத்துவிட்டேன்.