டிஃபென்ஸ் கோச்சுக்குக் கிடைத்த சிவப்பு அட்டை

1. வேலைக்கு எடுத்த விதம்

புலம்பெயர்ந்து வந்த ஊரில் பகலில் பஸ் ஓட்டுவேன். மாலையில் ஒரு கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணிக்கு டிஃபென்ஸ் கோச். ஒன்பது வருடமாக இதுதான் என் வாழ்க்கை. பயிற்சிச் சான்றிதழ் பிறகுதான் வந்தது, வாய் முதலே இருந்தது. மகளைக் கூட்டிப்போக வந்து, மைதான ஓரத்தில் நின்று கேட்காமலே ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த என்னை ஹெட் கோச் ரவி சார் பிடித்துக்கொண்டார். மதுரைக்காரர், பழைய ஸ்ட்ரைக்கர். கோல் போடுவதைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார். கோல் விழாமல் தடுப்பது என்றால் அவருக்குக் கொட்டாவி வரும்.

“அண்ணே, நாங்க நாலு போடுறோம், அஞ்சு வாங்குறோம். அந்த அஞ்சை நீங்க பாத்துக்கங்க” என்றார்.

அதுதான் நேர்முகத் தேர்வு. வீட்டில் சொன்னேன். “அப்ப உங்கட வாய்க்கும் ஒரு சீட் பெல்ட் வாங்குவம்” என்றாள் மனைவி.

2. என் முறை

வீடியோ பார்த்துப் படித்தேன். நாலு டிஃபெண்டரும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், ஒன்றாக முன்னே போக வேண்டும், ஒன்றாகப் பின்னே வர வேண்டும். சொல்ல எளிது, செய்ய வைப்பது பாடு. ஆகவே மாட்ச் நடக்கும்போது கோட்டோரம் கூடவே ஓடி ஒவ்வொருவருக்கும் இடம் சொல்வேன். “தர்ஷினி, ரெண்டடி பின்னுக்கு! ஆயிஷா, அவளை விடாதை!” ஆயிஷாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அந்த இரண்டு சொல்லையும் ஒரே மாதத்தில் பிடித்துவிட்டாள்.

கோல் விழுவது குறைந்தது. எனக்குத் தலைக்குள் காற்று ஏறியது. ஒருநாள் எதிரணி கோச், வயதான ஐரிஷ்காரர், கைகொடுக்கும்போது சிரித்தபடி, “உன்னிடம் டிஃபெண்டர் யாருமில்லை. நாலு ஸ்பீக்கர் இருக்கிறது, மைக் உன் கையில்” என்றார். பாராட்டு என்று நினைத்து வீட்டில் இரண்டு தரம் சொல்லிக் காட்டினேன்.

3. கடைசி மாட்ச்

போன சீசனின் கடைசி ஆட்டம். சமநிலை கிடைத்தாலே லீக் எங்களுடையது. தோற்றால் எதிரணிக்குப் போய்விடும். வழக்கமாக யாராவது அப்பாமார் கொடி பிடிப்பார்கள். அன்று முறையான லைன்ஸ்மன் இரண்டு பேரைப் போட்டிருந்தார்கள்.

முதல் பாதியில் ஒரு ஆஃப்சைடுக்காக, அதாவது பந்து உதைபடும்போதே எதிரணிக்காரி எங்கள் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நின்றாள் என்று, கத்தி மஞ்சள் அட்டை வாங்கினேன். இரண்டாம் பாதியில் இன்னொன்றுக்குக் கத்தினேன். ரெஃப்ரி, சின்ன வயதுப் பெண், நேரே என்னிடம் நடந்து வந்து இரண்டாம் மஞ்சளையும் பிறகு சிவப்பையும் காட்டினாள். நான் வாய் திறக்கப் போனேன்.

“அண்ணே, ஒண்ணும் பேசாதீங்க. போங்க. கும்பிடுறேன், போங்க” என்று ரவி சார் என்னைத் திருப்பிவிட்டார்.

கார் பார்க்கில், கம்பிவலைக்குப் பின்னால் நின்றேன். இன்னும் இருபது நிமிடம். ஸ்கோர் பூச்சியம், பூச்சியம். அங்கிருந்து கத்தினால் மாட்ச் நின்றுவிடும் என்ற பயத்தில் தொப்பியின் நுனியைக் கடித்துக்கொண்டேன்.

முடியப் போகும் நேரத்தில் எதிரணிக்கு ஃப்ரீகிக். எங்கள் பெனால்டி பெட்டிக்குக் கொஞ்சம் வெளியே. எங்கள் பிள்ளைகள் பழக்கத்தில் கோட்டோரம் பார்த்தார்கள். அங்கே ரவி சார் இரண்டு கையையும் விரித்தபடி நின்றார். நான் வலைக்கு இந்தப் பக்கம் ‘பின்னுக்கு, பின்னுக்கு’ என்று கையை ஆட்டினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை.

“ஸ்டே!” என்றாள் தர்ஷினி. ஒன்றரை வருடத்தில் அந்தப் பிள்ளையின் குரலை மைதானத்தில் நான் கேட்டதில்லை. “ஸ்டே... ஸ்டே... நௌ!”

பந்தில் கால் படுவதற்கு முந்திய கணம் நாலு பேரும் ஒன்றாக ஓரடி முன்னே வந்தார்கள். எதிரணியில் மூன்று பேர் தனியே பின்னால் மாட்டிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி தலையால் முட்டி பந்தை வலைக்குள் போட்டாள். பிறகுதான் கொடி உயர்ந்திருப்பதைக் கண்டேன். ஆஃப்சைட்! நான் சொன்னபடி பின்னுக்கு வந்திருந்தால் அது சுத்தமான கோல்.

இறுதி விசில் ஊதியதும் கம்பிவலையைச் சுற்றி நான் ஓடிய ஓட்டம் எந்த ஸ்ட்ரைக்கரும் ஓடாத ஓட்டம். ரவி சார் அழுதுகொண்டே சிரித்தார். ஆயிஷா என் தொப்பியைப் பிடுங்கி ரெஃப்ரியின் தலையில் வைத்தாள், அவளும் சிரித்தாள்.

தர்ஷினியைத் தனியே பிடித்தேன். “ஏன் பிள்ளை பின்னுக்குப் போகேல்லை?”

“அங்கிள், அவையள் மூண்டு பேரும் முதலே ஓடுறதுக்குச் சாய்ஞ்சு நிண்டவை. பக்கத்தில நிண்டா தெரியும்.”

“முந்தின மாட்ச்சுகளிலயும் இதெல்லாம் தெரிஞ்சதோ?”

“ஓம்.”

“அப்ப ஏன் சொல்லேல்லை?”

“நீங்கள் கத்திக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்.”

4. பாடம்

புதிதாகக் கோச் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பயிற்சியில் தொண்டை வற்றும்வரை பேசுங்கள், கேள்வி கேளுங்கள், அவர்களைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். மாட்ச் தொடங்கினால் வாயை மூடுங்கள். மைதானத்துக்குள் நிற்கிறவர்களுக்குத் தெரிவது கோட்டோரம் நிற்கிற நமக்குத் தெரியாது.

இந்த சீசன் வரிசையை நடத்துவது தர்ஷினி. நான் பெஞ்சில் இருந்து ஆரஞ்சுப் பழம் உரிக்கிறேன். லீக்கிலேயே குறைவாகக் கோல் வாங்கியிருக்கிற அணி எங்களுடையது.