துரைசிங்கத்தின் விளையாட்டுப் பெட்டி

நவமணிக்கு நடந்ததைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை. ஈப்போ தொழிற்சாலையில் மெமரி சிப் சோதிக்கும் வரிசையில் ஏழு வருடம் அவள் பக்கத்து இருக்கை நான். சித்தியவான் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் மரத்தைக் கீறிப் பால் வெட்டிக்கொண்டிருந்தவள், தோட்டத்தை விற்றதும் எங்களோடு வந்து சேர்ந்தாள். கெட்டுப்போன கருவியைத் தானே திறந்து சரிசெய்துவிடுவாள். டெக்னீஷியன் ஆக வேண்டும், அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

அதற்குச் சிபாரிசு எழுத வேண்டியவர் ஆள்சேர்ப்பு அதிகாரி துரைசிங்கம். 1985இல் ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். காசு போட்டு ஆடுகிற கடைகளில் விண்கலச் சண்டை விளையாட்டு இருக்கிறதே, மனிதருக்கு அதில் பைத்தியம். அதிகாரி அந்தக் கடைக்குள் நுழைந்தால் மானம் போய்விடுமாம்! அதே விளையாட்டைக் கம்ப்யூட்டருக்கென்று எழுதியது டிஸ்க்கில் கிடைக்கிறது, அதைத் திக்காமல் ஓட்ட மலிவாக ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக் கொடு என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை கடை கடையாக அலைந்தாள். பேர்பெற்ற பெட்டிகளை ஒதுக்கிவிட்டுத் தைவான் நகல் ஒன்றைப் பிடித்தாள். மெமரி 64K இருந்தே ஆக வேண்டும் என்பதில் மட்டும் கறார். திரைக்கு வீட்டு டிவியே போதும், மிச்சத்தில் நல்ல ஜாய்ஸ்டிக் வாங்கலாம் என்றாள். கடையிலேயே ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

பத்தாம் நாள் துரைசிங்கம் எங்கள் வரிசைக்கே வந்து கத்தினார்.

"என்ன சாமான் எடுத்துத் தந்தனீர்? அரை மணித்தியாலத்தில நிண்டு போகுது! பால் வெட்டின கைக்குக் கம்ப்யூட்டரப் பத்தி என்ன தெரியும்?"

என்ன விளையாட்டு என்பதை மட்டும் சொல்லவில்லை, கெட்டிக்காரர்!

"விடுடி. அந்த ஆளோட மல்லுக்கட்டினா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலதான் போய்ப் படுக்கணும்" என்றேன்.

"இல்லக்கா. நான் எடுத்தது நல்ல சாமான்லா. வாங்க, போய்ப் பாத்துட்டே வந்துருவோம்."

வேலை முடிந்து இருவரும் அவர் வீட்டுக்குப் போனோம். அடக் கடவுளே! கடையில் சுற்றித் தந்த பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. புதுசு அழுக்காகிவிடுமாம். அதற்கு மேலே அவர் மனைவி புஷ்பராணி பின்னிய நூல் விரிப்பு, அதன்மேல் பூச்சாடி வேறு. காற்றுத் துளை அத்தனையும் அடைபட்டுக் கிடந்தது. சூடேறி நிற்காமல் என்ன செய்யும்? நவமணி எல்லாவற்றையும் உரித்துப்போட்டு, ஆறவைத்து, விசையைப் போட்டாள். ஒன்றரை மணி நேரம் விண்கலம் திக்காமல் பறந்தது.

"ஓம், இப்ப சரி. ஃபேக்டரியில ஒருத்தருக்கும் சொல்லாதையும்" என்றார் துரைசிங்கம்.

"டெக்னீஷியன் வேலைக்கு என் பேரு, சார்?"

"அது... மத்தியானமே வேற ஆளுக்கு எழுதிக் குடுத்திட்டன். அடுத்த வருசம் பாப்பம்."

பாவி மனுஷன்! மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. பஸ்ஸில் நான்தான் பொருமித் தீர்த்தேன்.

மூன்று மாதம் கழித்து அவருடைய டிஸ்க் டிரைவ் மக்கர் செய்தது. எங்கள் வரிசைக்கு வந்து அவள் காதோரம் குனிந்தார்.

"பிள்ளை, ஒருக்கா வீட்டுப் பக்கம் வந்து பாரும்."

நவமணி கருவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கடைசி இருக்கைவரை கேட்கும்படி சொன்னாள்:

"விண்கலம் சுடுற பெட்டிக்கு என்னை ஏன் சார் கூப்பிடுறீங்க? டெக்னீஷியன்னு ஒருத்தருக்கு எழுதிக் குடுத்தீங்களே, அவரக் கூட்டிட்டுப் போங்க."