பனிமலைக்கு ஆள் பிரித்தது

கோடையிலும் பனியில் சறுக்கப் போகிறவர்கள் உண்டு என்பதை, பத்து வயதில், அம்மா வேலை செய்த வீட்டில்தான் அறிந்தேன். இத்தாலியின் தெற்கே பலெர்மோவில் ஜூன் மாதத்திலேயே வெயில் மண்டையைப் பிளக்கும். அந்த வீட்டு எசமானியம்மா, நாங்கள் சின்னோரா என்று கூப்பிடுகிறவர், சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து, வடக்கே பனிமலைக்குப் போக ஆள் பிரித்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது.

தாளில் மூன்று பிரிவு. நன்றாகச் சறுக்கத் தெரிந்த கணவரும் மூத்த மகனும் முதலாவதில். பழக வேண்டியவர்கள் இரண்டாவதில்: சின்னோரா, என் வயதுக்கார மகள், அவளுக்குத் துணையாக நான். மூன்றாவது, அடிவாரத்து ஹோட்டலோடு நிற்பவர்கள். இரண்டு வயதுக் கடைக்குட்டியும் அவனைப் பார்த்துக்கொள்ள அம்மாவும். நான் இரண்டாவதில் இருந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்பா அப்போது சுவிஸில் இருந்தார். நாலு வருடமாக அகதி வழக்கு முடியாமல், அந்த நாட்டை விட்டு வெளியே வர முடியாதவர். இத்தாலியில் தங்குவதற்கான அம்மாவின் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்தபடியே கிடந்தது. அவருக்கும் அங்கே போக வழியில்லை. இருவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் டெலிபோனில்தான் குடும்பம் நடத்தினார்கள்.

மூத்த மகன் வரைபடத்தில் விரல் வைத்துப் பெருமையடித்தான். கோடையில் உச்சியில் மட்டும்தான் பனியாம். கேபிள் காரில் ஏறிப் போய் இறங்கினால் அது சுவிஸ் பக்கமாம். அங்கே யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லையாம். அம்மா இத்தாலி மொழி பேசுவது சமையலறை அளவுக்குத்தான். பெரிய கதைகளுக்கு நான்தான் மொழிபெயர்ப்பாளர். அவன் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன்.

“மற்றப் பக்கத்தாலையும் ஆக்கள் ஏறி வருவினமோ எண்டு கேள் பிள்ளை.”

வருவார்கள் என்றான். அம்மாவுக்கு ஏன் இந்த விடுப்பு விசாரணை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அந்த ஞாயிறு அம்மா என்னை டெலிபோன் கூண்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு அப்பாவோடு நெடுநேரம் கதைத்தார். மறுநாள் மேசையருகே வந்து, “நானும் பழகிறன் எண்டு சொல்லு” என்றார். சொன்னேன். அவர் அதோடு நிற்கவில்லை. பளிங்குத் தரையில் வீட்டுச் செருப்போடு நின்று, மூத்த மகன் முன்னொரு நாள் சறுக்கிக் காட்டியபடியே முழங்காலை மடித்து, இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினார். எஸ்கலேட்டரில் கால் வைக்கவே முருகனைக் கூப்பிடுகிற என் அம்மா! மேசையே சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை. ஆனால் நான் வெட்கத்தில் செத்தேன்.

சின்னோரா சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். உண்மையாகவே விருப்பமா என்று கேட்கச் சொன்னார். விருப்பமென்றால் சின்னவனைத் தன் தங்கையிடம் விட்டுவிடலாமாம்.

நான் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பனியென்றால் பயம், அவர் மாட்டார் என்று இத்தாலி மொழியில் சொல்லிவிட்டேன். அம்மா மடித்த முழங்காலை மெதுவாக நிமிர்த்தினார். பிறகு சமையலறைக்குள் போனார்.

பயந்தவரை மலைக்கே இழுக்க வேண்டாமென்று சின்னோரா இரக்கப்பட்டு அம்மாவின் பெயரை வெட்டிவிட்டார். தான் இல்லாமல் என்னைத் தனியே அனுப்ப அம்மா சம்மதிக்காததால் என் பெயரும் போயிற்று. நுணலும் தன் வாயால் கெடும்.

அடுத்த ஞாயிறு அம்மா என்னையும் கூண்டுக்குள் கூட்டிப் போனார். “இஞ்சாருங்கோ, அந்த லீவு வேண்டாமெண்டு வேலையில சொல்லிப்போடுங்கோ” என்று தொடங்கியபோதுதான், அப்பா மற்றப் பக்கத்தால் உச்சிக்கு ஏறி வர இருந்தது எனக்கு விளங்கியது. இனி, கெடுத்தது இவள்தான் என்று என் பெயர் வரும் என கண்ணாடிக்கு வெளியே தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பிள்ளைக்கு வரத்தான் ஆசை. எனக்குத்தான் பனியெண்டால் பயம். நான்தான் மாட்டனெண்டு சொன்னனான்.”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நான் இத்தாலி மொழியில் சொன்னது அம்மாவுக்கு விளங்கவே இல்லை, அவரே பயந்துதான் பின்வாங்கியிருக்கிறார் என்று நம்பினேன். அப்பாவை நேரில் பார்க்க அதன்பிறகு மூன்று வருடம் ஆயிற்று. அன்றோ, வீடு வரைக்கும் அம்மாவின் கையைப் பிடித்துத் துள்ளிக்கொண்டு போனேன். அம்மா அப்பாவிடம் சொன்னது, சொல்லுக்குச் சொல் நான் சின்னோராவிடம் சொன்னதுதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.