அப்பாவையே கேட்டார் டாக்டர்

1980களின் நடுவில் அப்பாவுக்கு மறதி முற்றியது. போடியிலிருந்து மலைமேல் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு முப்பது வருஷம் ஜீப்பு ஓட்டியவர், ஒருநாள் அடிவாரத்து முந்தல் கிராமத்தருகே வண்டியை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருஷம் நான் மகள் என்பதும் மறந்துபோயிற்று. நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு அவரோடு இருந்தேன்.

மதுரையில் ஒரு டாக்டரிடம் ரயிலில் கூட்டிப்போனேன். அல்சைமர் என்ற பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கிழமை, மாதம், ஊர் என்று டாக்டர் ஒரு தாளைப் பார்த்துக் கேட்ட எதையும் அப்பாவால் சொல்ல முடியவில்லை. பிறகு டாக்டர், தானே கைப்பட எழுதிய வேறொரு தாளை எடுத்தார். சாப்பாடு, உடம்பு, வீட்டு மனிதர்கள் எல்லாம் எப்படி? மோசமா, சுமாரா, நல்லாவா?

நான் முந்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் மோசம் என்றேன். "இதென்ன வாழ்க்கை டாக்டர்? பெத்த புள்ளையவே தெரியல."

அவர் எழுதிக்கொண்டார். "இது உங்க பதில். இனி அவரைக் கேப்போம்" என்று நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டார். வீண்வேலை என்று நினைத்தேன்.

"சாப்பாடு எப்படிங்கய்யா?"

"நல்லாருக்கு. கொழம்புதான் ஒறப்பு."

உண்மைதான். நான் காரம் கூடுதலாகப் போடுவேன்.

"உடம்பு?"

"முட்டி வலிக்குது. சுமாரு."

"வீட்ல இருக்கிறவங்க?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "இந்தப் புள்ள யாருன்னு தெரியலய்யா. ஆனா பக்கத்துல இருந்தா பயம் போயிருது. ரொம்ப நல்லா."

ஆள் உள்ளே இல்லை என்று ஒரு வருஷமாக நம்பியிருந்தேன். அவரோ அத்தனையையும் ருசித்து, எடைபோட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

அதன்பின் எதையும் அவரைக் கேட்டே செய்தேன். "மேல போவமாப்பா?" என்றால் முகம் விரியும். அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் தன் ஜீப்பில் எங்களை மலைமேல் போடிமெட்டுக்கு ஏற்றிப்போவார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் முன்னாலேயே அப்பாவின் உடம்பு அந்தப் பக்கம் சாயும். "தாயி, வளைவு வருது, கம்பியப் பிடிச்சுக்க" என்பார். உச்சியில் மேகம் வண்டிக்குள் நுழைந்ததும் வாய்விட்டுச் சிரிப்பார்.

ஒருமுறை வீட்டுக்கு வந்து, "எங்கேப்பா போனோம்?" என்று கேட்டேன்.

"எங்கயும் போகலயே."

ஆனால் அன்று முழுக்க அந்தச் சிரிப்பு முகத்தைவிட்டுப் போகவில்லை. போனது மறந்திருந்தது, போய்வந்த சந்தோஷம் மறக்கவில்லை. அது அவருக்குள் எங்கே தங்கியது என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அடுத்த மூன்று வருஷம், அவர் கண்மூடும் வரை, மாதம் ஒருதரம் மலையேறினோம்.