வரிசையில் நிற்காமல் உள்ளே போன கதை

சென்ற வாரம் கொழும்பில் ஒரு பெரிய வரிசையை ஏமாற்றிவிட்டு உள்ளே போனேன். அதைப் பெருமையாகச் சொல்லலாம் என்றுதான் இந்த வாரப் பத்திக்கு எடுத்து வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் பெருமை வரவில்லை. என்ன செய்ய... நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் அண்ணன் செபஸ்தியன் கொட்டகலையில் இருக்கிறார். தமிழ்ப் பாடசாலைகளில் சித்திரம் கற்பித்து, பென்ஷனில் வந்தவர். பொகவந்தலாவையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒரே காம்பராவில் வளர்ந்தோம். வர்ணம் அவருக்கு வந்தது. எனக்கு வாய் வந்தது. அது உங்களுக்கே தெரியும்.

இத்தனை வருஷம் சித்திரம் சொல்லிக் கொடுத்த மனிதர், ஒரு நல்ல ஓவியத்தின் அசலை நேரில் பார்த்ததில்லை. புத்தகத்தில் தீப்பெட்டி அளவில் அச்சான படங்களைக் காட்டித்தான் பாடம் நடத்தினார். "அசல்ல வேற மாதிரி இருக்கும்" என்று பிள்ளைகளிடம் சொல்வாராம்.

இப்போது அவருக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது. போனது திரும்பாது, இருப்பதை முடிந்தவரை காப்பாற்றலாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நேரே இருப்பது தெரிகிறது. பக்கவாட்டில் வருகிற ஆள் தெரிவதில்லை.

இந்த நேரத்தில்தான் கொழும்பில் ஓர் ஓவியக் காட்சிசாலையில் அந்தக் கண்காட்சி. நம் மலைநாட்டை அந்தக் காலத்தில் தண்ணீர் வர்ணத்தில் தீட்டிய படங்களாம். பேஸ்புக் முழுக்க அதே பேச்சு. கூடவே, வாசலில் இருந்து ரோட்டு வரைக்கும் நீண்ட கியூவின் போட்டோக்கள்.

அண்ணன் எதையும் வாய் விட்டுக் கேட்கிறவர் இல்லை. போனில் சொன்னார்: "நீ கொழும்புக்குப் போறப்ப சொல்லு தங்கச்சி. நானும் வாறேன். இப்ப போனாத்தான்..."

அந்த 'இப்ப போனாத்தான்' எனக்குள் உட்கார்ந்துகொண்டது.

ஆனால் அந்த வரிசை? நமக்கென்ன வரிசை புதுசா? காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வரிசை, கொழுந்து நிறுக்க வரிசை, கிளினிக்கில் நம்பர் துண்டுக்கு வரிசை. பெட்ரோலுக்கும் கேஸுக்கும் பால்மாவுக்கும் நாடே ரோட்டில் நின்ற காலத்தில், நாங்கள் மட்டும் அவ்வளவாக ஆச்சரியப்படவில்லை – ஏற்கெனவே பழகியிருந்தோம். படம் பார்க்கவும் இந்த மனிதர் வெயிலில் நிற்க வேண்டுமா? கூடாது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்தால் நான் சும்மா இருப்பேனா? ஒன்லைனில் டிக்கெட் போட்டேன். சனி, ஞாயிறு வேண்டாம், வார நாள். காலையில் திறந்ததும் போகிற முதல் நேரம். முதல் நாளே போய் கொட்டாஞ்சேனையில் நாத்தனார் வீட்டில் தங்கினோம். அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கொண்டுவந்திருந்தார்.

மறுநாள் போனால், திறக்கும் முன்பே வரிசை மதிலைச் சுற்றி வளைந்திருந்தது. அண்ணன் அதன் கடைசியைத் தேடி நடக்கப் பார்த்தார். கையைப் பிடித்து இழுத்தேன். "அங்க இல்லண்ணே. நமக்கு வேற கேட்."

பக்கத்து கேட்டில் காவலாளி போனை ஸ்கேன் பண்ணினார். உள்ளே போய்விட்டோம். திரும்பி அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் வந்தது. ஒளிப்பானேன்?

அந்தச் சந்தோஷம் முதல் அறையின் கதவு வரைக்கும்தான்.

உள்ளே இருட்டு. முழு இருட்டு இல்லை – உங்களுக்கும் எனக்கும் போதுமான வெளிச்சம். பழைய தாள், வெளிச்சம் பட்டால் வர்ணம் வெளிறிவிடுமாம். அதனால் ஒவ்வொரு படத்துக்கு மேலும் மங்கலாக ஒரு விளக்கு. அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"லைட் இன்னும் போடலியா?"

"போட்டிருக்காங்கண்ணே."

அவர் முதல் படத்துக்குக் கிட்டப் போனார். இன்னும் கிட்ட. மூக்கு கண்ணாடியில் முட்டும் அளவுக்கு. உள்ளே நின்ற பணியாளர் பிள்ளை ஓடி வந்து, தள்ளி நிற்கும்படி சிங்களத்தில் சொன்னது. மரியாதையாகத்தான் சொன்னது. நான் அவர் கண்ணைப் பற்றி விளக்கினேன். அந்தப் பிள்ளைக்கும் சங்கடம். வெளிச்சத்தைக் கூட்ட அதற்கு அனுமதி இல்லை.

அண்ணன் இரண்டடி தள்ளி வந்து, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "விடு தங்கச்சி. படமாவது நல்லா இருக்கட்டும்."

மற்ற அறைகளையும் சுற்றினோம். ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் அவர் ஒழுங்காக நின்றார், பார்க்கிறவர் மாதிரி. நான் அவர் முழங்கையைப் பிடித்து, படி இருக்கிறதா என்று தரையைப் பார்த்தபடி நடந்தேன். சீக்கிரமே வெளியே வந்துவிட்டோம்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. வரிசை இன்னும் குறையாமல் நின்றது. எதிர்ப்பக்க மதிலில் சாய்ந்துகொண்டு அண்ணன் அதையே பார்த்தார்.

"அந்தப் பச்சைச் சேல அம்மாவப் பாரு," என்றார். "அவங்க நிழல் கறுப்பு இல்ல. ஊதா. அந்தக் குடைக்குக் கீழ நிக்கிறவரு மூஞ்சில செவப்பு எறங்குது பாரு. குடையோட செவப்பு."

நான் பார்த்தேன். உண்மைதான்.

"உள்ள இருட்டுன்னு உனக்கு எப்படித் தெரியும், பாவம்," என்றார் பிறகு. "ஆனா இந்த வரிசையில நின்னிருந்தா, இதெல்லாத்தையும் கிட்டவே பாத்திருப்பேன்."

குறை சொல்லும் குரல் இல்லை அது. குறை சொல்லியிருந்தால் ஒரு பதில் சொல்லியிருப்பேன். ரயிலுக்கு நேரமாகும் வரை அங்கேயே நின்றோம். அவர் பார்த்தார். நான் அவருக்குத் தண்ணீர் போத்தலைத் திறந்து கொடுத்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

ரம்புக்கனை தாண்டி ரயில் மலை ஏறத் தொடங்கியதும் கேட்டார்: "சரி, உள்ள என்னதான் இருந்துச்சு? சொல்லு."

நான் எங்கே படம் பார்த்தேன்? அவர் காலையும் முகத்தையும்தானே பார்த்தேன்.

"ஒரு மலைண்ணே. மழை பெய்யுது. கீழ ஆறு ஓடுது..."

"ம்."

"இன்னொன்னுல மூடுபனி. ஒரு மரம் மட்டும் தெரியுது."

"மழையும் பனியும் நமக்கு வீட்லயே இருக்கு," என்றார். "வெயில் இருந்துச்சா, எதுலயாவது?"

"இருந்துச்சுண்ணே. நெறைய."

தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சித்திர மாஸ்டருக்குப் பொய் வெயில் தெரியாதா, என்ன?